கயிறு பிடித்த கை

கூடத்தில் கண்ணாடித் தம்ளர்கள் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. கூடவே ரோச் சம்மாட்டியின் சிரிப்பு. குசினியில் நண்டு உடைத்துக்கொண்டிருந்த தஸ்நேவிசம்மாள் நிமிரக்கூட இல்லை. அந்த வீட்டில் அந்தச் சிரிப்பு புதிதல்ல. படகுகளுக்குச் சொந்தக்காரர். மகன் பெர்க்மான்ஸுக்கு அன்று மாலை நிச்சயதார்த்தம். சிரிக்காமல் என்ன செய்வார்? வீட்டில் விசேஷம் என்றால் அவர் படகுகளில் வேலைக்குப் போகிறவர்களின் பெண்டுகள் வந்து குசினி வேலை பார்ப்பது வழக்கம். புருஷன் செத்த பிறகும் நேவிசம்மாள் அந்த வழக்கத்தை விடவில்லை.

அடுத்து வந்த பேச்சில்தான் அவள் கை நின்றது.

“மூணு வருசம் முடியட்டும்னுதாம்ல உன் கல்யாணத்தையே தள்ளி வச்சேன்,” என்று சம்மாட்டி மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “போன மாசத்தோட முடிஞ்சிட்டு. வக்கீல்கிட்ட ரெண்டு தடவ கேட்டாச்சு. இஞ்ஞாசி கயித்தைப் பிடிச்சது நான்தான்னு இனி நீயே மாதா கோயில் வாசல்ல நின்னு கத்துனாலும் ஒரு போலீஸ்காரன் உன்னைத் தொட முடியாது. பயந்தது போதும். குடி.”

“மெதுவாப் பேசுங்கப்பா. உள்ள ஆள் இருக்கு.”

“எல்லாம் நண்டு உடைக்க வந்தவளுக. அவளுகளுக்குச் சட்டம் தெரியுமாக்கும்.”

நண்டின் கொடுக்கு நேவிசம்மாளின் உள்ளங்கையில் ஏறிவிட்டது. அவளுக்கு வலிக்கவில்லை. இஞ்ஞாசி அவள் புருஷன். மூன்று வருஷத்துக்கு முன்னால், எழுபத்தைந்தாம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், சங்கு குளிக்கப் போன இடத்தில் மூச்சடைத்துச் செத்தவன். அன்று அவன் கயிற்றைப் பிடித்திருந்தது தன் உடன்பிறந்த தம்பி சிலுவை என்றுதான் இந்த நிமிஷம்வரை அவள் நம்பியிருந்தாள். நம்பியது மட்டுமா? அந்தத் தம்பியை வாசற்படி ஏற விடாமல் மூன்று வருஷம் நாயை விரட்டுவதுபோல விரட்டியிருந்தாள்.

ஈரக் கையோடு எழுந்து கூடத்து வாசலில் போய் நின்றாள்.

“என்ன நேவிசு, நண்டு ஆச்சா?” என்றார் சம்மாட்டி.

“கயிறு யாரு கைல இருந்துச்சு, சம்மாட்டி?”

பெர்க்மான்ஸின் கையிலிருந்த தம்ளர் மேசைமேல் சாய்ந்தது. சம்மாட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“கேட்டுட்டியா? சரி, கேட்டா கேட்டதுதான். நடந்தது நடந்து போச்சு. சட்டமே மறந்துட்ட விசயத்தை நீ எதுக்குத் தோண்டுத? போ, போய் வேலையப் பாரு.”

நேவிசம்மாள் போனாள். குசினிக்குள் போய், உடைத்து வைத்திருந்த நண்டு முழுவதையும் சட்டியோடு தூக்கி வந்தாள். கூடத்தின் நடுவில், பெண் வீட்டாருக்காகப் பட்டுச் சேலையும் பழமும் பூவும் பரப்பி வைத்திருந்த தாம்பாளங்கள் வரிசையாக இருந்தன. அந்த வரிசையின் மேல் நண்டை ஓட்டோடும் நீரோடும் கவிழ்த்தாள். பட்டு நனைந்து நாறியது.

“ஆச்சு, சம்மாட்டி,” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

*

நேவிசம்மாள் கீழவைப்பாரில் பிறந்தவள். தாயும் தகப்பனும் ஒரே வருஷத்தில் காலராவில் போய்ச் சேர்ந்தபோது அவள் தாவணி போடாத பெண். சிலுவை இடுப்புக் குழந்தை. அந்தக் குழந்தையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு அவள் மீன் காயவைத்தாள், உப்பு சுமந்தாள், பெரியவளானாள். பெண் கேட்டு இஞ்ஞாசி தூத்துக்குடியிலிருந்து வந்தபோது, “இவனும் கூட வருவான். சம்மதம்னா பேசுங்க” என்று முகத்துக்கு நேரே சொன்னாள். இஞ்ஞாசி சிரித்தான். “எனக்கும் கயிறு பிடிக்க ஒரு மச்சினன் வேணும்லா” என்றான்.

அந்தக் கரையில் அது விளையாட்டுப் பேச்சல்ல. சங்குக்கோ முத்துக்கோ கடலடியில் இறங்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு. கயிற்றின் மறுநுனி படகில் இருப்பவன் கையில். கீழே மூச்சு முட்டியதும் அவன் கயிற்றை இழுப்பான். மேலே இருப்பவன் அந்தக் கணமே அவனைத் தூக்கிவிட வேண்டும். உயிர் அந்தக் கையில் இருக்கிறது. அதனால்தான் பெண்சாதியின் உடன்பிறந்தவன் தவிர வேறு எவன் கையிலும் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். தன் அக்கா தாலியை அறுக்க எந்தத் தம்பிக்கு மனசு வரும்? கயிறு பிடிக்கும்போது பீடி பற்றவைக்கக் கூடாது, பேசக் கூடாது, அண்ணாந்து பறவையைக்கூடப் பார்க்கக் கூடாது. சிலுவைக்கு மீசை முளைத்ததும் இஞ்ஞாசி தன் கயிற்றை அவன் கையில் கொடுத்தான்.

அந்த வழக்கம்தான் அவர்களைக் கெடுத்தது.

இஞ்ஞாசியின் உடலைத் திரேஸ்புரம் கரையில் கொண்டுவந்து போட்டபோது, கயிறு யார் கையில் இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? மச்சினன் இருக்கும்போது வேறு யார் பிடிப்பார்கள்? “மச்சினன் கைய விட்டுட்டான்” என்று கரை முழுவதும் ஒரே குரலாகச் சொன்னது. வேர்த்து விறுவிறுத்துக் கூட்டத்துக்குள் ஓடிவந்த சிலுவை எங்கிருந்து வருகிறான் என்றுகூடப் பார்க்காமல், அவன் கன்னத்தில் நேவிசம்மாள் ஓங்கி அறைந்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை. திறக்காததையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள். போலீஸ் வந்து, சந்தேகம் ஏதும் உண்டா என்று கேட்டது. சொந்தத் தம்பியை எந்த அக்கா பிடித்துக் கொடுப்பாள்? “சந்தேகம் ஒண்ணுமில்ல, கடல் கொண்டு போச்சு” என்று கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, தம்பியைப் பார்த்து, “இனி என் வாசப்படி மிதிச்ச, நான் உசிரோட இருக்க மாட்டேன்” என்றாள்.

பிறகு இறால் கம்பெனியில் சேர்ந்தாள். ஐஸ் தண்ணீரில் விரல் விறைக்க விறைக்க இறால் உரித்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்து வரும்போது, தெருமுனை விளக்குக் கம்பத்தில் சாய்ந்து சிலுவை நிற்பான். மட்டக்கடைத் தெருவே பார்க்க, அவள் காறித் துப்பிவிட்டுக் கதவை அடைப்பாள். ஒரு ஞாயிறுகூட அவன் வராமல் இருந்ததில்லை. ஒரு ஞாயிறுகூட அவள் துப்பாமல் இருந்ததில்லை.

*

சம்மாட்டி வீட்டிலிருந்து அவள் நேராக, சிலுவை வேலை பார்க்கும் துறைமுகத்துக்கு நடந்தாள். வேலை முடிந்து லாரிகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்த சிலுவை, கேட்டுக்கு வெளியே அக்காவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான்.

“ஏலே, அன்னைக்கு நீ படகில ஏறவே இல்லியா?”

அவன் தலை குனிந்தது.

“வாயத் திறல. இல்ல, அந்தக் கன்னத்திலயும் வாங்கணுமா?”

“ஏறலக்கா,” என்றான். “கரைல நிக்கும்போது சம்மாட்டி வந்தாரு. ஹார்பர்ல ஆள் எடுக்காவ, மேஸ்திரிகிட்டச் சொல்லிட்டேன், உடனே ஓடுலன்னாரு. கயித்துக்கு யாருன்னு கேட்டேன். ஒரு நாளைக்கு என் மவன் பிடிப்பான்னாரு. அத்தானும் போலேன்னாவ. நிலையான வேலை கிடைக்கும்னு நானும் ஓடிட்டேன்.”

“பெறவு ஏம்ல சொல்லல?”

“என்னத்தச் சொல்ல? கயிறு என் கைல இருந்திருக்கணும். கைல வச்சு விட்டதும், வேற ஒருத்தன் கைல குடுத்துட்டுப் போனதும் ஒண்ணுதானக்கா? நீ அடிச்சது சரின்னுதான் எனக்குப் பட்டுது.”

“மூணு வருசம் துப்புனேனல. அதுவும் சரியா?”

அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். “நடுவுல ஒரு தடவ சொல்லிரலாம்னு கிளம்புனேன். சம்மாட்டி கூப்பிட்டு விட்டாரு. ஊரே நீதான்னு சொல்லுது, நீயும் அன்னைக்கு மறுக்கல, இப்பம் கிளறுனா போலீஸ் முதல்ல உன்னைத்தான் பிடிக்கும், நானே புகார் குடுப்பேன்னாரு. நான் உள்ள போயிட்டா உன்னை யாரு பாப்பான்னு இருந்துட்டேன்.”

யார் பார்த்தார்கள்? கம்பத்தடியில் நின்று இவன் பார்த்தான். அவள் அவனை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அவன் தோளில் விழுந்து, அங்கேயே கிடந்தது. அழவில்லை. அழுதால் கோபம் கரைந்துவிடும் என்று பயந்தாள்.

“நட,” என்றாள். “வக்கீலப் பாக்கணும்.”

*

எபனேசர் வக்கீல் நாசரேத்துக்காரர். பாளையங்கோட்டை ரோட்டில் வீடும் ஆபீசும் ஒன்றாக இருந்தன. இறால் கம்பெனிப் பெண்களுக்காக ஒருமுறை வாதாடி ஜெயித்தவர் என்பதால் நேவிசம்மாளுக்கு அவர்மேல் நம்பிக்கை. அவர் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“ரோச்சுக்கு யாரோ சரியாத்தான் சொல்லியிருக்காங்க அம்மா. கவனக்குறைவா ஒருத்தர் சாவுக்குக் காரணமா இருந்தா, அதிகபட்சம் ரெண்டு வருசம் ஜெயில். அந்த மாதிரிக் குத்தத்துக்கு மூணு வருசத்துக்குள்ள வழக்கு வரணும். அதுக்குப் பிறகு கோர்ட் எடுக்காது. எழுபத்து நாலுல வந்த புதுச் சட்டம். கொலைன்னா இந்தக் கெடு கிடையாது.”

“அப்பம் எம் புருசன் செத்தது சின்னச் சாவா?”

“சாவு சின்னதுன்னு சட்டம் சொல்லல. வேணும்னு செஞ்சதுக்கும் அசட்டையா செஞ்சதுக்கும்...”

“அசட்டை. அந்தப் பய கயித்தப் பிடிச்சிட்டுக் கோட்டை விட்டது அசட்டை. அவங்கப்பன் உக்காந்து மாசத்த எண்ணுனானே, அதுவும் அசட்டையா?”

வக்கீல் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “இல்ல. அது அயோக்கியத்தனம். ஆனா சட்டம் ரோச் ஒருத்தனுக்காக எழுதலயே அம்மா. நான் ஒண்ணு கேக்கேன், கோவிக்காம பதில் சொல்லுங்க. உங்க வீட்டுக்காரர் கடைசியாப் போன அன்னைக்குக் காலைல நடந்ததைச் சொல்லுங்க.”

நேவிசம்மாளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. “கரைல நின்னேன். சிலுவை கயித்தைச் சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டு முன்னால ஏறுனான். இவுக பின்னால ஏறுனாவ. சிலுவை நீலச் சட்டை போட்டிருந்தான். படகு தள்ளும்போது திரும்பி என்னைப் பாத்துக் கையை ஆட்டுனான். அந்தக் கையைத்தான் நான்...”

பாதியில் நின்றாள்.

பக்கத்தில் நின்றிருந்த சிலுவை மெல்லச் சொன்னான். “அக்கா, அன்னைக்கு நீ கரைக்கே வரலியே. காய்ச்சல்ல கிடந்த. அத்தான் கஞ்சி வச்சு உனக்கு ஊத்திக் குடுத்துட்டு, பெறவுதான் நாங்க கிளம்புனோம்.”

ஆபீஸ் அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கஞ்சி. ஆமாம், கஞ்சி. உப்பு அதிகம் என்று அவள் முகம் சுளித்ததும், “எனக்குக் கடல் உப்பே பழக்கம்ளா” என்று அவன் சிரித்ததும் அடியாழத்திலிருந்து மேலே வந்தன. புருஷன் கையால் குடித்த கடைசிக் கஞ்சியை மறந்துவிட்டு, நடக்காத ஒன்றை, சட்டையின் நிறத்தோடு, மூன்று வருஷம் ஒவ்வொரு இரவும் அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதை வைத்துத்தான் தம்பிக்குத் தண்டனை கொடுத்திருக்கிறாள்.

“நீங்க பொய் சொல்லல அம்மா,” என்றார் வக்கீல். “பைபிளத் தொட்டுச் சத்தியம் பண்ணியிருப்பீங்க. மூணு வருசத்துக்கு முன்னாலயே உங்களைக் கூண்டுல ஏத்தியிருந்தா, கரைக்குப் போகலன்னு சொல்லியிருப்பீங்க. உங்க தம்பி பிழைச்சிருப்பான். இன்னைக்கு ஏத்துனா அவன் உள்ள போவான். கயிறு இத்துப்போற மாதிரி சாட்சியும் இத்துப்போகுது. இத்த கயித்துல ஒரு மனுசன் உசிரைக் கட்டி இறக்கக் கூடாதுன்னுதான் கெடு வச்சிருக்கு.”

“கயிறு இத்துப்போச்சுன்னா வேற கயிறு வாங்குவோம். கடலுக்கே போகக் கூடாதுன்னு எவனாவது சொல்லுவானா?”

“வேற கயிறு எங்க இருக்கு? படகில இருந்தது யாரு?”

சிலுவைதான் சொன்னான். படகை ஓட்டிய தண்டல் போன வருஷம் மஞ்சள்காமாலையில் செத்துப்போனார். கூடக் குளித்தவன் கொச்சிப் பக்கம் போனவன், இருக்கும் இடம் தெரியாது. இருவரும் சம்மாட்டியின் சோற்றுக்குப் பயந்து வாய் மூடியிருந்தவர்கள்.

“பாத்தீங்களா? இன்னொண்ணும் யோசிங்க. இவன்மேல புகார் குடுப்பேன், புகார் குடுப்பேன்னு சொல்லித்தானே ரோச் இவனை அடக்கி வச்சான்? கெடுவே இல்லன்னா சாகற வரைக்கும் அதைச் சொல்லிக்கிட்டே இருப்பான். புகாரை மடியில முடிஞ்சு வச்சுக்கிட்டு, வேண்டாதவன் கழுத்துல வேண்டிய நாள்ல போட எவனுக்கும் உரிமை இருக்கக் கூடாது. எங்க சாத்தான்குளத்துப் பக்கம் ஒரு வாத்தியார். பன்னிரண்டு வருசம் கழிச்சு, வேலித் தகராறுல, பழைய திருட்டுக் கேஸ் ஒண்ணை அவர் தலைல வச்சாங்க. அந்த ராத்திரி அவர் எங்க இருந்தார்னு சொல்லக்கூடிய ஒரே மனுசி அவர் சம்சாரம். அந்தம்மா செத்துப் பத்து வருசம். அவர் என்ன சொல்லுவாரு? தினம் வாசலைப் பாத்துக்கிட்டு, போலீஸ் வருமா வருமான்னு ஒருத்தன் எத்தனை காலம் உக்காந்திருக்க முடியும்?”

“எந் தம்பி இருந்தானே,” என்றாள் நேவிசம்மாள். “மூணு வருசம் கம்பத்தடில நின்னு அக்கா வாசல் திறக்குமா திறக்குமான்னு பாத்தானே. அவனுக்கு எந்தச் சட்டம் கெடு வச்சுது? நீங்க சொல்லுதது எனக்கு விளங்காம இல்ல வக்கீலய்யா. நிரபராதியக் காப்பாத்தணும். சரி. ஆனா அந்தக் கெடுவுக்குப் பின்னால முதல்ல போய் நின்னுக்கிட்டது யாரு? வக்கீல் வச்சு மாசம் எண்ணத் தெரிஞ்சவன். எனக்கு இப்படி ஒரு கெடு இருக்குன்னே இன்னைக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாத கெடு எனக்கு எப்படிக் கெடு ஆவும்?”

எபனேசர் வக்கீல் அவளை நிமிர்ந்து பார்த்தார். சட்டப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பக்கம் புரட்டினார்.

“ஒரு சின்ன வழி இருக்கு,” என்றார் கடைசியில். “செஞ்சது யாருன்னு பாதிக்கப்பட்டவங்களுக்குத் தெரியாம இருந்தா, தெரிஞ்ச நாள்லருந்து கணக்கு எடுக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு. தாமதத்துக்கு நல்ல காரணம் இருந்தாலும் கோர்ட் பொறுத்துக்கலாம். ஆனா நீங்க கூண்டுல ஏறி, இல்லாத ஒண்ணை நம்பித் தம்பியைத் துரத்தினேன்னு சொல்லணும். இவன், கயித்தை அடுத்தவன்கிட்டக் குடுத்துட்டு வேலைக்கு ஓடினேன்னு சொல்லணும். எதிர்த் தரப்பு வக்கீல் உங்க ரெண்டு பேரையும் கிழிச்சுத் தொங்கவிடுவான். கடற்கரை பூராச் சிரிக்கும். கடைசில கோர்ட், நேரம் போச்சும்மான்னு சொன்னாலும் சொல்லும். ஒரு நாள் யோசிச்சு வாங்க.”

*

மறுநாள் சாயங்காலம் நேவிசம்மாளின் வீட்டில் சிலுவை முன்னறையில் உட்கார்ந்திருந்தான். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தச் சுவரில் சாய எங்கே இடம் என்று தெரியாதவன்போல நடுவில் உட்கார்ந்திருந்தான். அவள் அவனுக்கு முன்னால் சோற்றை வைத்தாள். குழம்பை ஊற்றினாள். மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தெரியாது. யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லை. இரண்டாவது மீன் துண்டையும் எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

“கூண்டுல ஏறுவியால?”

“நீ ஏறுனா ஏறுவேன்.”

“ஊரு சிரிக்கும்.”

“இதுவரைக்கும் அழுதாவளாக்கும்,” என்றான் சிலுவை சோற்றைப் பிசைந்தபடி.

கதவு தட்டப்பட்டது.

பெர்க்மான்ஸ். தனியாக வந்திருந்தான். ஒரே நாளில் முகம் வற்றிப்போயிருந்தது. உள்ளே சிலுவையைக் கண்டதும் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தான்போல. ஆனால் நேவிசம்மாள் வாசலை விட்டு விலகி, “வா” என்றாள். அவன் உள்ளே வந்து சுவரோரம் நின்றான். யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை.

“அப்பாவுக்குத் தெரியாம வந்தேன் நேவிசக்கா,” என்றான். “பொண்ணு வீட்டுல நேத்தே பேச்சு எழுந்துட்டு. நண்டு எதுக்குக் கொட்டுனாவன்னு கேக்காவ. அதுக்காக மட்டும் வரல. மூணு வருசமா எனக்குத் தூக்கம் கிடையாது. சட்டம் என்னை விட்டுட்டுன்னு அப்பா சொன்னாரு. சந்தோசமா இருக்கும்னு நினைச்சேன். இல்ல. நீங்க ஒரு வார்த்தை மன்னிச்சேன்னு சொல்லிருங்க. கேஸ் போடாதீங்க. நான் அந்தப் பொண்ணு முகத்துல முழிக்கணும்.”

நேவிசம்மாள் அவனைப் பார்த்தாள். வெறுப்போடு பார்க்கத்தான் நினைத்தாள். ஆனால் அவளுக்கு அவனிடம் கேட்க ஒன்று இருந்தது. தம்பியை விரட்டிய நாட்களில்கூட, தினமும் படுக்கையில் அவளைத் தின்றது அந்த ஒன்றுதான்.

“ஒண்ணு மட்டும் சொல்லு. அவுக கயித்தை இழுத்தாவளா? கீழ கிடந்து, என்னைத் தூக்குன்னு இழுத்தாவளா? இல்ல, இழுக்கவே நேரமில்லாமப் போச்சா?”

பெர்க்மான்ஸ் தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

“சொல்லுல. உன் கைலதான கயிறு இருந்துச்சு. உலகத்துல உனக்கு மட்டுந்தான் தெரியும்.”

“முந்தின நாள் குடிச்சது தெளியல. கண்ணு சொருகிட்டு,” என்றான். “இழுத்தாரு. அன்னைக்கு ராத்திரி எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சுது, இழுத்தாருன்னு. அப்பாகிட்டச் சொன்னேன். இழுக்கவே இல்லன்னு சொல்லுன்னாரு. தண்டல்கிட்ட அப்படித்தான் சொன்னேன். எல்லார்கிட்டயும் சொன்னேன். சொல்லிச் சொல்லி... ஒரு நாள் இழுத்த மாதிரி இருக்கு. ஒரு நாள் இழுக்காத மாதிரி இருக்கு. சத்தியமா இப்பம் எனக்கே தெரியலக்கா.”

வக்கீல் சொன்ன அத்தனையும் ‘தெரியல’ என்ற அந்த ஒரு வார்த்தையில் நேவிசம்மாளின் முன்னால் வந்து நின்றது. புருஷனின் கடைசிச் சேதி ஒன்று, கடலடியிலிருந்து கயிறு வழியாக ஒருவன் கைக்கு வந்திருந்தது. அவன் அதை மூன்று வருஷம் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தே அழித்துவிட்டான். இனி எந்தக் கோர்ட்டாலும் அதைத் திருப்பித் தர முடியாது.

“ஏல பெர்க்மான்ஸ்,” என்றாள். சத்தம் போடவில்லை, ஆனாலும் சிலுவை சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தான். “அன்னைக்கே நீ போய், குடிச்சிருந்தேன், கண்ணு சொருகிட்டுன்னு சொல்லியிருந்தா உனக்கு என்ன குடுத்திருப்பான்? ரெண்டு வருசம். அனுபவிச்சிட்டு எப்பமோ வெளிய வந்திருப்ப. தூங்கியிருப்ப. எந் தம்பி என் வீட்டுல சோறு தின்னுருப்பான். எம் புருசன் இழுத்தாவளா இல்லியான்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த ரெண்டு வருசத்த மிச்சம் பிடிக்க உங்கப்பன் எங்க எல்லாரோட மூணு வருசத்தையும் எடுத்துக்கிட்டான். உன் மூணு வருசத்தையும் சேத்துத்தான்.”

“மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை...”

“அது எங்கிட்ட இப்பம் இல்ல. இருந்தா ஒருவேளை குடுத்திருப்பேன். நாளைக்குக் காலைல நாங்க ரெண்டு பேரும் எபனேசர் வக்கீல் வீட்டுக்குப் போறோம். பெட்டிஷன் போடப் போறோம். கோர்ட் எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். எடுக்காததுக்குக் காரணம் இருக்குன்னு அந்த மனுசன் எனக்குச் சொன்னாரு, எனக்கும் விளங்கிச்சு. நானே பாக்காததைப் பாத்தேன்னு சத்தியம் பண்ண இருந்தவதான். நேரம் போச்சும்மான்னு ஜட்ஜ் சொல்லட்டும். ஆனா அதை அவரு என் முகத்தப் பாத்துச் சொல்லணும். உங்கப்பன் தம்ளர்ல ஊத்திக்கிட்டுச் சொல்லக் கூடாது.”

“நான் என்ன செய்ய நேவிசக்கா?”

“இப்பம் சொன்னியே, தெரியலன்னு. அதை அங்க வந்து சொல்லு. பொய் வேண்டாம். இழுத்தாருன்னும் சொல்ல வேண்டாம், இழுக்கலன்னும் சொல்ல வேண்டாம். கயிறு என் கைல இருந்துச்சு, மச்சினன் கைல இல்லன்னு மட்டும் நாலு பேரு முன்னால சொல்லு. எந் தம்பி கையக் கழுவிக் குடு. போதும்.”

“அப்பா என்னை வெட்டிப் போட்டுருவாரு.”

“அப்பம் போ.”

பெர்க்மான்ஸ் சிலுவையைப் பார்த்தான், தனக்காகப் பரிந்து ஏதாவது சொல்வான் என்பதுபோல. சிலுவை தட்டில் கையைக் கழுவிக்கொண்டிருந்தான். பெர்க்மான்ஸ் வாசல்வரை போய்த் திரும்பினான். “நாளைக்கு எத்தனை மணிக்குப் போறீங்க?” என்று கேட்டான். கேட்டுவிட்டு, தான் கேட்டதற்குத் தானே பயந்தவன்போல, பதிலுக்குக் காத்திராமல் குனிந்து வாசலைத் தாண்டினான். அவன் வருவானா, வரமாட்டானா என்று அவன் முதுகிலிருந்து எதுவும் தெரியவில்லை.

சிலுவை எழுந்தான். வெளியே தெருமுனைக் கம்பத்தில் விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவன் உள்ளே இருந்தபடியே கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான்.